ஒட்டுத் துணியில் ஒரு போர்வை... தொடங்க பழைய லுங்கி ஒன்று போதும்!

நவரை நெல் அறுவடை முடிந்து சொர்ணவாரிக்கு நாற்று விடும் வரையிலான சில வாரங்கள், அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்கள். திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் வட்டாரத்தில் வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கை சும்மா இருக்கும் காலம் இதுதான். ஒருகாலத்தில் இந்த இடைவெளி சின்னதாக இருந்தது. நஞ்சையில் மனைப்பிரிவுக் கற்கள் நடப்பட்ட பிறகு, வருடத்தில் பாதி நாள் இடைவெளியாகவே போய்விடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் இளவயதுக்காரர்களைத்தான் பெரும்பாலும் தேடுகின்றன. நாற்பதைத் தாண்டியவர்கள் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

இப்படி வீட்டில் இருப்பவர்கள் முதலில் நினைப்பது தையலைத்தான். ஜாக்கெட், சுடிதார் தைக்க அளவு எடுக்கவும், வெட்டவும் பழக மாதக் கணக்கில் ஆகும். துணியைக் கெடுத்துவிட்டால் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒட்டுத் துணித் தையலில் அந்தப் பயம் கிடையாது. அளவு எடுக்க ஆள் வேண்டாம், வளைவு வெட்ட வேண்டாம், எல்லாமே நேர்த்தையல். கெட்டுப்போனால் போவது ஒரு பழைய லுங்கிதான். ஒரு மத்தியான நேரத்தில் முதல் பிளாக்கைத் தைத்துவிடலாம். அதில் காசு வருமா என்பது வேறு கேள்வி. அதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

பழவேற்காட்டுக் கட்டம்

தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பி, பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. இன்றைக்கு இறாலுக்கும் நண்டுக்கும் பேர் போன ஊர். நானூறு வருடங்களுக்கு முன்பு அந்த ஊரின் பேர் துணியால் பரவியது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டியதற்கு முக்கியக் காரணமே துணி வியாபாரம்தான். சுற்றுவட்டாரத்தில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிகள் கப்பலேறின. ஊரின் ஆங்கிலப் பேரான புலிகாட் என்பதே அந்தத் துணிக்கும் பேராகி, ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்து, அதே பேரில் விற்கும் அளவுக்குப் போனது.

அந்தக் கட்டத் துணியின் வழிவந்ததுதான் மெட்ராஸ் செக் என்று உலகம் சொல்லும் துணி. 1950-களின் கடைசியில் அது அமெரிக்காவுக்குப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. துவைத்தால் சாயம் போகும் துணி அது. தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும் என்ற விவரம் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு துவையலில் நிறமெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட, புகார்கள் குவிந்தன. துணியை ஏற்றுமதி செய்தவர் கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர் அவர்தான். கடைசியில் சாயம் போவதையே பெருமையாக்கி, ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறம் மாறும் துணி என்று அதற்குக் கிராக்கி வந்தது. பிறகு அந்தக் கட்டத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டையும் கால்சட்டையும் அங்கே நாகரிகமாயின. நம் பக்கத்தில் ஒட்டுப்போட்ட துணி என்றால் வறுமை. அதே ஒட்டு அங்கே பணக்காரக் கல்லூரிப் பிள்ளைகளின் உடுப்பு!

இந்தக் கதையில் கற்றுக்கொள்பவருக்கு வேண்டிய இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, வெட்டுவதற்கு முன்பே சாயம் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். துணியை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் தெரிந்துவிடும். சாயம் ஒட்டினால் இரண்டு மூன்று தடவை தனியாக அலசிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். கல் உப்பு போட்டால் எல்லாச் சாயமும் நின்றுவிடும் என்பது பாதிதான் உண்மை.

இரண்டாவது சங்கதி, கட்டம் போட்ட லுங்கி. நெசவிலேயே கட்டம் விழுந்த லுங்கியில், கோடுகள் பாவும் ஊடையுமாக நேராக ஓடும். அந்தக் கோட்டைப் பிடித்து வெட்டினால் ஸ்கேல் இல்லாமலே துணி கோணாது. தையலே தெரியாதவர் தொடங்குவதற்கு இதைவிட நல்ல துணி கிடைக்காது.

எந்தத் துணி ஆகும், எது ஆகாது

பருத்தி மட்டும்தான் ஆகும். பழைய லுங்கி, வேட்டி, கைத்தறிப் புடவை, பாவாடைத் துணி எல்லாம் சரி. சந்தேகம் இருந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. சுருங்கி, கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர். இன்றைக்கு வீடுகளில் இருக்கும் புடவைகளில் இரண்டாவது வகைதான் அதிகம். அது வழுக்கும், இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்காது. பழகிய கைக்கு அது ஒரு பொருட்டில்லை, புதியவருக்கு வேண்டாம். பனியன் வேஸ்ட் எடைக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் இழுத்தால் நீளும் துணியில் சதுரம் சதுரமாக நிற்காது.

தையல் கடைகளில் மிஞ்சும் பிட்டுத் துணிகளைக் கேட்டு வாங்கலாம். லைனிங் துணி பிட்டுகள் பெரும்பாலும் பருத்திதான். எல்லா நிறத்திலும் இருக்கும். லுங்கியில் உட்காரும் இடம் நைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, இழை விலகும் பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். ஓரங்கள் நன்றாகவே இருக்கும்.

பழைய துணி தொளதொளவென்று இருப்பதால் வெட்டும்போது நழுவும். அதற்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது: வடிகஞ்சி. சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, துணியை அதில் முக்கி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டால் காகிதம்போல விறைக்கும். வெட்டவும் சுலபம், தைக்கவும் சுலபம். தைத்து முடித்துத் துவைத்தால் கஞ்சி போய்விடும்.

முதல் பிளாக்: நாலு துண்டு

ஒரே மாதிரியாகத் தைத்து, பிறகு ஒன்றோடொன்று சேர்க்கும் ஒவ்வொரு சதுரத்துக்கும் பிளாக் என்று பேர். மிகச் சுலபமானது நாலு துண்டு பிளாக். கெட்டி அட்டையில் மூன்றரை இன்ச்சுக்கு மூன்றரை இன்ச் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நன்றாக உதவும். அதைத் துணியில் வைத்துச் சாக்கட்டியால் வரைந்து, கருத்த நிறத்தில் இரண்டு, வெளிர் நிறத்தில் இரண்டு வெட்டினால் சாமான் தயார்.

இனிமேல் எல்லாமே ‘கால் இன்ச்’தான். துண்டின் ஓரத்திலிருந்து சரியாகக் கால் இன்ச் உள்ளே தையல் ஓட வேண்டும். மிஷினில் ஊசியிலிருந்து வலப்பக்கம் கால் இன்ச் அளந்து, தகட்டின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டால், துணியின் ஓரம் அதைத் தொட்டுக்கொண்டே போனால் போதும். தையல் ஓடும் ஊசியைப் பார்க்காமல் பிளாஸ்திரியைப் பார்த்துத் தைக்க வேண்டும். மிதி மிஷினில் பழகாதவர்கள் முதல் நாள் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டிப் பழகலாம்.

கருப்பு ஒன்று, வெளுப்பு ஒன்று. நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து ஒரு ஓரத்தைத் தைத்தால் ஒரு ஜோடி. இன்னொரு ஜோடியும் அதே மாதிரி. பின்பக்கம் தையல் மடிப்பை இரண்டு ஜோடியிலும் கருத்த துணி இருக்கும் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். தேய்த்தால் சதுரம் கோணிவிடும்.

இப்போது ஒரு ஜோடியைத் தலைகீழாகத் திருப்பி, கருப்புக்கு எதிரே வெளுப்பு வரும்படி மற்றொன்றின் மேல் வைத்தால், இரண்டு மடிப்புகளும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். விரலால் தடவினால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால், நடுவில் நாலு மூலையும் ஒரு புள்ளியில் சந்திக்கும். இதைச் சரியாகச் செய்துவிட்டவருக்கு மற்றதெல்லாம் சுலபம்.

தைத்து முடித்த பிளாக் ஆறரை இன்ச் இருக்க வேண்டும். மூன்றரையும் மூன்றரையும் ஏழு; நடுத்தையலில் இரண்டு பக்கமும் கால் கால் இன்ச் போனால் ஆறரை. பக்கத்துப் பிளாக்கோடு சேர்க்கும்போது சுற்றிலும் மறுபடி கால் இன்ச் போய், கடைசியில் கண்ணுக்குத் தெரிவது ஆறு இன்ச்.

ஒன்பது துண்டு பிளாக்கும் இதே அளவுக்கு வரும்படி வெட்டலாம். அதற்கு இரண்டரை இன்ச் சதுரம் ஒன்பது. மூன்று மூன்றாக மூன்று வரிசை தைத்து, வரிசைகளைச் சேர்த்தால் அதுவும் ஆறரை இன்ச். மூன்றாவதாக, இரண்டரை இன்ச் அகலமும் ஆறரை இன்ச் நீளமும் உள்ள பட்டைகள் மூன்றைச் சேர்த்தாலும் ஆறரை இன்ச் சதுரம்தான். இந்த மூன்றும் கைவசம் இருந்தால், கலந்து அடுக்கி எத்தனையோ கோலம் போடலாம். முக்கோணத்துக்கு அவசரம் வேண்டாம். குறுக்கே வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். அது மூன்றாவது மாதப் பாடம்.

கோணல் எங்கிருந்து வருகிறது

நாலு துண்டும் ஒன்பது துண்டும் ஒரே அளவுக்கு வரவில்லை என்று பலர் அட்டையைக் குறை சொல்வார்கள். அட்டை சரியாகத்தான் இருக்கும். தையல் கால் இன்ச்சைவிட நூலளவு, அதாவது பதினாறில் ஒரு பங்கு இன்ச், உள்ளே தள்ளி ஓடினால் ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு பக்கமுமாகச் சேர்ந்து அரைக்கால் இன்ச் குறையும். நாலு துண்டில் குறுக்கே ஒரு தையல்; அரைக்கால் இன்ச் போகும். ஒன்பது துண்டில் இரண்டு தையல். கால் இன்ச் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை அப்பளம்போல நெளியும். அதனால் முதல் ஐந்து பிளாக்குகளையும் தைத்தவுடன் அளந்து பார்த்து, பிளாஸ்திரியை நகர்த்திச் சரிசெய்துகொள்வது நல்லது. எல்லாம் ஒரே அளவில் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. ஆளுக்கொரு அளவில் இருந்தால்தான் வம்பு.

மிஷின் இல்லாத சித்திப் பெண்கள்

சதுரமும் கால் இன்ச்சும் மேல்நாட்டு வழி. இந்தியாவில் இதற்கு வேறு வழியும் இருக்கிறது. பழந்துணியைச் சேர்த்துத் தைத்த போர்வைக்குத் தெலுங்கில் பொந்த என்று பேர்; கன்னடத்தில் கவுதி; மராட்டியில் கோதடி. வங்காளத்தில் காந்தா. இவற்றில் கற்றுக்கொள்பவர் கவனிக்க வேண்டியது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்களின் போர்வை. சித்திகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கக் காட்டோரங்களில் விவசாயமும் கூலி வேலையும் செய்கிறவர்கள். 2003-இல்தான் அவர்களுக்கு அங்கே பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது.

அவர்கள் பிளாக் தைப்பதில்லை. ஒரு பழைய புடவையை அடியில் விரித்துக்கொள்கிறார்கள். மூலையில் ஒரு துண்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, அடிப்புடவையோடு சேர்த்து ஓட்டுத் தையல் போடத் தொடங்குகிறார்கள். அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று ஓரத்தைச் சுற்றிக்கொண்டே வந்து, வட்டம் சுருங்கிச் சுருங்கி, கடைசித் துண்டு நடுவில் விழும்போது போர்வை முடிந்துவிடுகிறது. துண்டைச் சேர்க்கும் தையலே போர்வையைக் கெட்டிப்படுத்தும் தையலும் ஆகிறது. இரட்டை வேலை கிடையாது. துண்டு எந்த அளவிலும் இருக்கலாம். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூவாக வைத்துத் தைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையான போர்வை இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் 2004-ஐ ஒட்டி அங்கே வந்து பார்த்தபோது, இதை விற்கலாம் என்ற பேச்சு எழுந்து, பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். 2011-இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கில் கண்காட்சியில் தொங்கின. வீட்டில் குழந்தைக்கு விரித்த அதே போர்வைதான். விற்பதற்காக வேறு மாதிரி தைக்கவில்லை.

கண் மங்கியவர்களுக்கும், மிஷின் வாங்க வழியில்லாதவர்களுக்கும், அளவு என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கும் சித்தி வழியே மேல். பிளாக் வழியில் கணக்கு பழகும். சித்தி வழியில் கை பழகும்.

மூன்று அடுக்கு

பிளாக்குகளை வரிசை வரிசையாகச் சேர்த்த பிறகு அது வெறும் மேல்துணிதான். அடியில் ஒரு துணி, நடுவில் ஒரு அடுக்கு வேண்டும். நம் ஊர்க் குளிருக்கு நடுவில் பழைய பருத்திப் புடவை ஒரு மடிப்பு போதும். பஞ்சைப் பரப்பினால், நெருக்கமாகத் தைக்காதவரை இரண்டு துவையலில் மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தரையில் அடித்துணியை நீட்டி விரித்து, மேலே நடு அடுக்கு, அதற்கு மேல் ஒட்டுத் துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிச் சுருக்கம் எடுத்து, பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுப் பிடித்துவிட வேண்டும். அப்புறம் பிளாக்கின் தையலை ஒட்டியே ஓட்டுத் தையல் போட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். கடைசியில் ஓரத்துக்கு இரண்டரை இன்ச் பட்டையை இரண்டாக மடித்துத் தைத்து மூட வேண்டும்.

முதல் மாதமே முழுப் போர்வையில் கை வைப்பவர்கள் பாதியில் மூட்டை கட்டிப் பரணில் போடுவதுதான் வழக்கம். ஒரு பிளாக்கில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி. நாலு பிளாக்கில் உட்காரும் விரிப்பு. முப்பது பிளாக்கில், ஐந்துக்கு ஆறு என்று அடுக்கினால், 30 இன்ச்சுக்கு 36 இன்ச் குழந்தை விரிப்பு. அதிலும் ஒன்றுவிட்டு ஒன்று ஆறரை இன்ச் வெறும் துணியை வைத்தால் தைக்க வேண்டியது 15 பிளாக்தான்.

காசு வருமா?

ஒற்றைக் கட்டிலுக்கு நாலு அடிக்கு ஆறு அடி போர்வை என்றால் 96 சதுரம். பாதி வெறும் துணி, பாதி நாலு துண்டு பிளாக் என்று வைத்தால் 48 பிளாக். பழகிய கைக்கு ஒரு பிளாக்குக்கு வெட்டுவது, தைப்பது, இஸ்திரி எல்லாம் சேர்த்து 20 நிமிடம் என்றாலும் 16 மணி நேரம். சேர்ப்பது, அடுக்குவது, ஓட்டுத் தையல், ஓரம் கட்டுவது எல்லாம் அதைப்போல இரண்டு மடங்கு என்று வைத்தால் மொத்தம் 48 மணி. எட்டு மணி நேர வேலைக்கு ஆறு நாள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அந்தக் கூலியைப் போட்டாலே 2,016 ரூபாய். துணி, நூல் தனி. சந்தையில் மிஷினில் நெய்த போர்வை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, இதை உள்ளூரில் யாரும் வாங்க மாட்டார்கள். 800 ரூபாய்க்குக் கொடுத்தால் உழைப்பைத் தானமாகக் கொடுத்தது போலத்தான்.

அதனால் விற்க நினைப்பவர்கள் சின்னப் பொருளில் தொடங்குவது நல்லது. கடைகளில் அதிகம் போகும் 16 இன்ச் குஷன் உறைக்கு எட்டு இன்ச் பிளாக் நாலு வேண்டும். துண்டை நாலரை இன்ச்சாக வெட்டினால் கணக்கு சரியாக வரும். அதற்கு ஒரு நாள் உழைப்புகூட ஆகாது. சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் ‘மதி’ விற்பனை அரங்குகளில் வைத்துப் பார்க்கலாம். விற்கிறதா என்று தெரிந்த பிறகு மிஷின் வாங்கலாம். மிஷினுக்காகக் கடன் வாங்கிவிட்டு அப்புறம் பொருளுக்கு ஆள் தேடுவது, விதை வாங்கிவிட்டுக் கிணறு தோண்டுவது போல.

வாசகர் கேள்விகள்

மிஷின் இல்லாமல் கையால் பிளாக் தைத்தால் நிற்குமா?

நிற்கும். துண்டின் பின்பக்கம் கால் இன்ச் உள்ளே பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் இன்ச்சுக்கு எட்டுத் தையல் வரும்படி ஓட்டுத் தையல் போட வேண்டும். நாலு ஐந்து தையலுக்கு ஒரு தடவை ஒரு தையல் பின்னால் வந்து போனால் பிரியாது. நூலை முழங்கை நீளத்துக்கு மேல் கோத்தால் சிக்கும்.

தையல் பயிற்சிக்கு எங்கே போவது?

வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தையல் பயிற்சி இலவசம். அங்கே சொல்லித்தருவது பெண்கள் உடை தைக்கத்தான்; ஆனால் மிஷின் பழக அது போதும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தையல் சான்றிதழ் வேண்டும். வயது, வருமான வரம்பு விவரங்களை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே போர்வை தைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். வேலை கொடுப்பவர்தான் துணியும் கூலியும் கொடுக்க வேண்டும். வேலை செய்கிறவர் பணம் கட்டும் வேலை வேலையே இல்லை.

மார்கழிக் குளிருக்குக் கன்றுக்குட்டியின் மேல் போர்த்த இதைத் தைக்கலாமா?

தைக்கலாம், கோணலாக வந்த பிளாக்குகளுக்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை. மேலே ஒட்டுத் துணி, அடியில் பழைய கோணிப்பை. கன்றின் முதுகிலிருந்து இரண்டு விலாவும் மூடும் அளவு வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் குறுக்கே கட்ட நாடா வைக்க வேண்டும். கழுத்தில் இறுகும்படி கட்டக் கூடாது. வெயில் ஏறியதும் கழற்றிக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு மறுபடி போட்டால் போர்த்தாமல் விடுவதே மேல். உண்ணி தங்காமல் இருக்க வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்க வேண்டும். அதனால் ஒன்றுக்கு இரண்டாகத் தைத்து வைத்துக்கொள்வது நல்லது.